ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

ஷூவுக்குள் காலடியில் விரிக்கிற இன்சோல் விஷயத்தில் உலகமே ஒரே தப்பைத்தான் செய்கிறது. கையில் கொடுத்தவுடன் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறது. மெத்தென்று உள்ளே போனால் நல்ல சாமான், போகாவிட்டால் மட்டமான சாமான். காலுக்குப் போடுகிறதைக் கையால் சோதிக்கிறோமே என்று ஒருவருக்கும் உறைப்பதில்லை. திண்டிவனத்துக் கம்பெனிக்குத் தரம் பார்க்க வந்த பட்டாளத்து அதிகாரிகள் அழுத்தினார்கள். டெல்லியிலிருந்து வந்த கொள்முதல் குழு அழுத்தியது. டீ கொண்டுவந்த கேன்டீன்காரர்கூட, தம்ளரை வைத்துவிட்டு ஓர் அழுத்து அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். இளவரசி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் அந்த ஷூ கம்பெனியில் இன்சோல் வடிவமைக்கிறவள். சென்னையில் காலணித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவள். வீடு விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சரைப் பிடித்து விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டித் திண்டிவனத்தில் இறங்குவாள். சாயங்காலம் அதே வழியாகத் திரும்புவாள். கம்பெனி அவளிடம் கொடுத்திருந்த வேலை, ராணுவத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்கான பூட்ஸ். பயிற்சியின்போது ஓடி ஓடி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் விழுந்து, பையன்கள் படுத்துவிடுகிறார்கள். அதைக் குறைக்க வேண்டும். எல்லாரும் குஷனைக் கூட்டு, நுரையைக் கூட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இளவரசி பயிற்சி மையத்துக்கே போய் உட்கார்ந்து, பையன்களின் கால்களை அளந்தாள். அவர்கள் மாட்டியிருந்த பூட்ஸையும் அளந்தாள்.

அங்கேதான் விஷயம் பிடிபட்டது. வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு விரல் பக்கம் பாதம் அகலமாக விரிந்திருக்கும். ஸ்டோரில் அவர்கள் அளவுக்கு உள்ள பூட்ஸைப் போட்டால் சுண்டுவிரலைக் கடிக்கும். அகலம் அதிகமாக ஒன்று கொடுங்கள் என்று கேட்க அவர்களுக்குத் தெரியாது, கேட்டாலும் அங்கே கிடையாது. அதனால் அடுத்த நம்பரைக் கேட்டு வாங்குவார்கள். கடிக்காது, ஆனால் நீளம் கூடிவிடும். கால் ஓரிடத்தில் மடங்கும், பூட்ஸ் வேறிடத்தில் மடங்கும். ஒவ்வொரு அடிக்கும் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே ஓடினால் எலும்பு என்னதான் செய்யும்? ஒரே நீளத்துக்கு மூன்று அகலங்கள் வேண்டும், இன்சோல் மெத்தையாக இல்லாமல் குதிகாலைப் பிடித்து நிறுத்துவதாக இருக்க வேண்டும் என்று அவள் சொன்னதை, பிரிவுத் தலைவர் மணிமாறன் ஏற்றுக்கொண்டு மேலே அனுப்பினார்.

இவ்வளவையும் கண்டுபிடித்தவளுக்குத் தன் புருஷன் என்ன நம்பர் பூட்ஸ் போடுகிறான் என்று தெரியாது. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் அவள் அந்த பூட்ஸைக் கண்ணால் பார்த்ததே இல்லை. குமரேசன் பட்டாளத்தில் நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. அருணாசலப் பிரதேசத்து மலை ஒன்றில் இருந்தான். லீவில் வரும்போது கேன்வாஸ் ஷூவோடு வருவான், வீட்டுக்குள் ரப்பர் செருப்பு. பூட்ஸ் எப்போதும் பாரக்கில் கட்டிலுக்கடியில் கிடக்கும். அவனுடைய வாழ்க்கையில் பெரும்பகுதி அப்படித்தான் அவள் கண்ணில் படாமல் போயிருந்தது.

அவளுக்கு அவன் வேண்டும். சுற்றி வளைக்காமல் சொன்னால் அவ்வளவுதான். சாயங்காலம் விழுப்புரம் ஜங்ஷனுக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு, பெண்டாட்டி ரயிலிலிருந்து வருவதற்காக ஆண்கள் காத்திருப்பார்கள். ஒருத்தன் போனை நோண்டிக்கொண்டிருப்பான், ஒருத்தன் எரிச்சலோடு ஹாரன் அடிப்பான். அந்த எரிச்சலுக்குக்கூட இளவரசி ஏங்கினாள். ‘ஏன் இவ்ளோ லேட்டு’ என்று கத்துவதற்கு ஓர் ஆள் வாசலில் நின்றால் போதும் என்றிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறும்போது அந்த வண்டிகளின் பக்கம் பார்க்காமலே ஏறப் பழகியிருந்தாள்.

போனில் அவன் பேசுவதும் ஒரு தினுசு. “சாப்ட்டியா? ஆர்த்தி படிக்குதா? அம்மா மாத்திரை போட்டாங்களா? சரி, வெக்கிறேன்.” மகளையும் அம்மாவையும் விசாரித்துவிட்டால் அதற்குமேல் அவனுக்குப் பேசத் தெரியாது. அவளுக்கும் கேட்கத் தெரியாது.

கேட்கக் கூடாது என்றே வீட்டில் பழக்கம். மாமியார் பாஞ்சாலிக்கு இதில் அசைக்க முடியாத சட்டம் உண்டு. பட்டாளத்துக்குப் புறப்படுகிற பிள்ளையிடம் ‘எப்ப வருவே’ என்று வாயைத் திறக்கக் கூடாது, ‘போவாதே’ என்ற சொல்லே வீட்டில் எழக் கூடாது, படியிறங்கிவிட்டால் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. ஒருமுறை சார்ஜரை மறந்துவிட்டுப் போனான். பாஞ்சாலி பேத்தி ஆர்த்தியைப் பக்கத்துத் தெரு வழியாக ஓடவிட்டு, அவனுக்கு எதிரே போய் நின்று கொடுக்க வைத்தாள். தெருவே சிரித்தது. சிரித்தவர்களே அடுத்த நாள், “பட்டாளத்தான் பொண்டாட்டின்னா இளவரசி மாதிரி இருக்கணும், கண்ணுல ஒரு சொட்டு வுடல பாரு” என்று மெச்சினார்கள். அந்த மெச்சல் வேறு அவள் வாயை இன்னும் இறுக்கிக் கட்டியது.

ஆனால் இந்தப் பங்குனியோடு அவனுடைய சர்வீஸ் முடிகிறது. இளவரசி அதை யாரிடமும் சொல்லவில்லை, மனசுக்குள் வைத்துப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளி லீவுக்கு அவன் வந்து இறங்கியபோது, இன்னும் ஒரே ஒரு தடவைதான் இவனை ரயிலேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றாள்.

அவன் நொண்டிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். முதல் அடியை எடுத்து வைக்கவே முகம் கோணியது.

“குதிகாலா மாமா?”

“ம்.”

“எத்தினி நாளா?”

“மழையிலேர்ந்து. நடக்க நடக்க சரியாப் பூடும். காலைலதான் பேஜாரு.” பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, “பூட்ஸ எடுத்தாந்திருக்கேன். உன் வேலதான இது, பாரேன்” என்றான்.

பைக்குள்ளிருந்து அந்த பூட்ஸ் வெளியே வந்தது. இளவரசி தரையில் உட்கார்ந்து, கயிற்றைத் தளர்த்தி, அதற்கடியில் இருந்த தோல் நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவன் காலைப் பழைய பேப்பர் மேல் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். ஸ்கேலை வைத்தாள். மறுபடியும் வைத்தாள்.

“இன்னா நம்பர் போடுறீங்க?”

“ஒம்போது.”

“உங்க காலு எட்டுதான் மாமா.”

“எட்டு போட்டா சுண்டுவெரல கடிக்குது. சேந்த அன்னிக்கே ஸ்டோர்ல ஒம்போது கேட்டு வாங்கிக்கினேன். அதுலேர்ந்து ஒம்போதுதான்.”

இளவரசி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. கிளியனூர்ப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே ஓடி வளர்ந்த கால், செருப்பு வாங்கிக் கொடுத்தால் தேய்ந்துவிடுமே என்று கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன கால். யாரோ ஊர் பேர் தெரியாத பையன்களின் காலில் அவள் கண்டுபிடித்துக் கைதட்டு வாங்கிய தப்பு, சொந்த வீட்டுக்குள்ளேயே வருஷா வருஷம் லீவுக்கு வந்து போயிருக்கிறது.

உள்ளேயிருந்த பழைய இன்சோலை உருவி எடுத்தாள். ஐந்து விரல்களும் ஐந்து குழிகளாகப் பதிந்திருந்தன. குதிகால் பட்ட இடம் கறுத்து, காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபோது அவளுக்கு அந்த பூட்ஸின் மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்குக் கிடைக்காத மனுஷன் இத்தனை காலமும் இதற்குள்தான் நின்றிருக்கிறான், நடந்திருக்கிறான், வேர்த்திருக்கிறான்.

“நல்லா மெத்துனு ஒண்ணு செஞ்சி குடு அரசி. மார்கழியில மெடிக்கல் இருக்குது” என்றான் குமரேசன்.

“இன்னா மெடிக்கல்?”

“எக்ஸ்டென்ஷனுக்கு. ரெண்டு வருஷம் சேத்து குடுப்பாங்க. ஹவில்தார் ஆயிட்டு வந்துடலாம். காலு இப்டி இருந்தா ஒடம்பு சரியில்லன்னு கேட்டகிரி போட்டு பங்குனியோட வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஓட வைப்பாங்களே.” சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

பங்குனி, பங்குனி என்று இளவரசி பொத்தி வைத்தது எல்லாம் அந்த ஒரு பேச்சில் போயிற்று. சமையல்கட்டிலிருந்து பாஞ்சாலி காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. “சரி” என்றாள். அவள் வாய்க்குப் பழகியது அந்த ஒரு வார்த்தைதான்.

இரண்டு நாள் கழித்து மணிமாறனிடம் கேட்டுக்கொண்டு அவனைக் கம்பெனிக்கு அழைத்துப் போனாள். பாசஞ்சரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். மயிலம் வரைக்கும் அவன் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். எதிர் சீட்டில் தினமும் கூட வருகிற டீச்சர் ஒருத்தி கண்ணால் ‘யாரு’ என்று கேட்டாள். இளவரசி பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். திண்டிவனம் வராமலே ரயில் போய்க்கொண்டிருந்தால் தேவலை என்றுதான் அவளுக்கு இருந்தது.

கம்பெனியில் அழுத்தம் காட்டும் பாய் ஒன்று உண்டு. அதன்மேல் நடந்தால், பாதம் எங்கே எவ்வளவு கனமாக ஊன்றுகிறது என்று கம்ப்யூட்டரில் நிறம் நிறமாகத் தெரியும். குமரேசன் கவாத்துக்குப் போவது மாதிரி விறைப்பாக நடந்தான்.

“மாமா, பரேட் இல்ல. சும்மா வூட்ல நடக்கற மாதிரி நடங்க.”

“வூட்ல எங்க நடக்கறேன்? எனக்கு இதான் வருது” என்றான். மணிமாறன் சிரித்தார். இளவரசிக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் குதிகால் சிவப்பாக எரிந்தது, நடுப்பாதம் வெளுத்துக் கிடந்தது.

அவள் இரண்டு ஜோடி செய்தாள். முதலாவது, அவன் கேட்டது. மெத்தென்ற நுரை, மேலே வழவழப்பான துணி. இரண்டாவது, அவன் காலுக்கு வேண்டியது. விறைப்பான அடிப்பாகம், பாதக் குழிவைத் தாங்க ஒரு மேடு, குதிகாலுக்கு ஆழமான கிண்ணம். கிண்ணத்தின் பின்சுவரைத் தடிமனாக வைத்தாள். ஒன்பதாம் நம்பர் பூட்ஸுக்குள் எட்டாம் நம்பர் காலை அது முன்னால் தள்ளி உட்கார வைக்கும், பூட்ஸ் மடங்குகிற இடத்திலேயே காலும் மடங்கும்.

இரண்டையும் மேசைமேல் வைத்தாள். குமரேசன் என்ன செய்தான் என்று சொல்லவும் வேண்டுமா? கட்டைவிரலால் அழுத்தினான்.

“இத்த குடு. சோறு மாதிரி இருக்குது. அது இன்னா, பலகையாட்டம்?”

இளவரசி அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்த மெத்தை ஜோடியைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. முதல் வாரம் சொர்க்கமாக இருக்கும். மார்கழிக்குள் குதிகாலடியில் அமுங்கிப்போய்த் தரையும் காலும் ஒன்றாகிவிடும். ஓட்டத்தில் பாதி தூரம்கூடத் தாங்கமாட்டான். பங்குனியில் வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் ஒரு தப்பும் செய்யவேண்டியதில்லை, அவனே வாய்விட்டுக் கேட்பதைக் கொடுத்தால் போதும். யாருக்கும் தெரியாது, யாரும் குறை சொல்லப்போவதில்லை.

டீ வேளை முழுக்க அந்த ஜோடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறியது. கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தத் திரையில் சிவப்பாக எரிந்த குதிகால் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஊர் பேர் தெரியாத பையன்கள் கால் நோகக் கூடாது என்று இந்தப் பாடுபட்டுவிட்டு, கட்டினவன் காலை மட்டும் தெரிந்தே நோகவிடுவதா? அப்படி வந்து சேர்கிறவனை எந்த முகத்தோடு உட்காரவைத்துச் சோறு போடுவது? அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன்மேல், பட்டாளத்தின்மேல், எல்லாவற்றையும்விடத் தான் படித்த படிப்பின்மேல். மெத்தை ஜோடியைக் கத்தரியால் குறுக்கே வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

“இதான் உங்களுக்கு. மொதல்ல வலிக்கும். கழட்டிடக் கூடாது” என்று பலகையைக் கையில் கொடுத்தாள்.

லீவு முடிந்து அவன் ரயிலேறினான். யாரும் பின்னாலிருந்து கூப்பிடவில்லை.

அவன் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் சாயங்காலம் போன் வந்தது. இளவரசி திண்டிவனம் பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றிருந்தாள்.

“அரசி, இது ஆவாது. உள்ளங்கால்ல கல்ல வெச்சிக்கினு நடக்கற மாதிரி இருக்குது. கேன்டீன்ல மெத்துனு ஒண்ணு விக்கிறான். இத்த தூக்கிப் போட்டுட்டு அத்த வாங்கிக்கவா?”

தூக்கிப் போடு என்று ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டாம் தடவையாக அதே வாசல் திறந்துகொண்டு நின்றது. இளவரசி கண்ணை மூடிக்கொண்டாள்.

“எங்க வலிக்குது? உள்பக்கமா, வெளிப்பக்கமா?”

“உள்பக்கம்.”

“அப்ப சரியான எடத்துலதான் தாங்குது. ராத்திரி கால வெந்நீர்ல வெச்சி எடுங்க. நாளிக்கு எப்டி இருக்குதுன்னு சொல்லுங்க.”

மறுநாளும் சொன்னான். அதற்கு மறுநாளும். வலி எந்த இடத்தில், ஏற்றத்திலா இறக்கத்திலா, காலையில் முதலடி எப்படி என்று அவள் கேட்டாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். சொல்லச் சொல்லப் பேச்சு காலை விட்டு ஏறி எங்கெங்கோ போயிற்று. அவர்கள் முகாமுக்கு மேலே ஒரு சரிவு இருப்பதை, அங்கே மூங்கில் புகையில் மீனை வாட்டித் தின்பதை, கூட இருக்கும் மராட்டியக்காரன் தூக்கத்தில் தன் எருமைமாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை எல்லாம் சொன்னான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. ரயில் வந்து நிற்கும், பேசிக்கொண்டே ஏறுவாள், மயிலத்தில் சிக்னல் போகும், பேரணியில் திரும்பக் கிடைக்கும். அவன் குதிகால் புண்ணியத்தில் இளவரசிக்குப் புதிதாக ஒரு புருஷன் கிடைத்தான். இந்த வலி சீக்கிரம் போய்விடக் கூடாதே என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டாள், நினைத்துவிட்டுத் தன்னையே வைதுகொண்டாள்.

வலி போய்விட்டது. நல்ல வேலை செய்தால் அப்படித்தான். மார்கழியில் அவன் ஓடினான், தேறினான். “டாக்டர் சாப் காலத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒண்ணியும் இல்லன்னுட்டாரு” என்று சந்தோஷமாகச் சொன்னான். பாஞ்சாலி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அதன்பிறகு போன் பழையபடி சுருங்கியது. சாப்ட்டியா, படிக்குதா, மாத்திரை போட்டாங்களா, சரி, வெக்கிறேன்.

தை பிறந்து ஒரு சாயங்காலம். அதே பிளாட்பாரம்.

“காலு எப்டி இருக்குது மாமா?”

“சூப்பரா இருக்குது.”

“காலைல மொதல் அடி?”

“ஒண்ணியும் தெரியல.”

“கொஞ்சங்கூட வலிக்கலியா?”

“இல்ல அரசி. சரி, வெ...”

“வெக்காத மாமா.” அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். “அந்த எக்ஸ்டென்ஷன் வாணாம்னு சொல்லிட்டு வந்துடு. எனக்கு முடியல. எனக்கு நீ வேணும். பங்குனிக்கு வந்துடு மாமா.”

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள். போகவில்லை.

“இத்த நீ தீவாளிக்குச் சொல்லக் கூடாதா?” என்றான் குமரேசன். “நேத்துதான் கையெழுத்துப் போட்டேன்.”

இளவரசி பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“மெடிக்கல்னு சொன்னப்ப உன் மூஞ்சத்தான் பாத்தேன். வாணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவன்னு பாத்தேன். நீ சரின்னுட்ட. அப்பறம் அந்தப் பலகைய செஞ்சி குடுத்த. தூக்கிப் போடறேன்னவன தெனம் பேசிப் பேசி மாட்ட வெச்ச. இவ இம்மாம் பாடுபடறப்ப, நான் இங்கியே இருக்கணும்னுதான் ஆசப்படறான்னு நெனச்சிக்கினேன் அரசி.”

“காலு நல்லாவணும்னுதான் செஞ்சேன்.”

“அது இப்பத்தான தெரியுது.”

ரயில் வந்தது. ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள். இளவரசி எழுந்திருக்கவில்லை. ரயில் கிளம்பிப் போயிற்று. இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மற்றவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த இன்சோல் ஆறு மாசத்துக்கு மேல தாங்காது. மாத்தணும்.”

“சரி. செஞ்சி பார்சல்ல போட்டு வுடு.”

“பார்சல்ல வுட முடியாது. காலு அளவு எடுக்கணும்.”

“அதான் எடுத்து வெச்சிக்கினு இருக்கியே.”

“அது பழசு. காலு மாறிக்கினே இருக்கும். ஒவ்வொரு தடவையும் புதுசா எடுக்கணும்.”

வளர்ந்த ஆம்பளையின் கால் ஆறு மாதத்தில் மாறவே மாறாது. டிசைன் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பவள் இளவரசிதான்.

“போட்டோ புடிச்சி அனுப்பினா?”

“ஆவாது. நேர்ல வரணும்.”

குமரேசன் மெதுவாகக் கேட்டான்.

“அளவு எடுக்க எத்தினி நாளாவும்?”

“ஒரு மாசம் ஆவும்” என்றாள் இளவரசி.